நாற்பது விநாடியில் ஒரு புளியங்கட்டை

தவறு என்னுடையது. அலுவலகக் கோப்புகளில் தவறு யாருடையது என்பதைக் கடைசிப் பத்தியில், ஆளே இல்லாத ஒரு வாக்கியத்தில் எழுதுவதுதான் வழக்கம். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆனபின் அந்தச் சிரமம் எதற்கு என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அரசு வளாகத்தில் நான் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்தேன். அந்த வளாகத்தில் கட்டடங்களைவிட மரங்கள் அதிகம். தூங்குமூஞ்சி, புளி, வேம்பு, பழைய இயக்குநர் ஒருவர் ஆசைப்பட்டு வைத்த தைல மரங்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் காற்றும் சேர்ந்துகொண்டு ஒரே நாளில் பதினேழு மரங்களைச் சாய்த்தது. உள்சாலைகளைத் திறக்க எட்டு நாள் ஆயிற்று. அத்தனையையும் கோடாலியாலும் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தாலும் துண்டு போட்டவர் ஒருவர்தான். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க அன்றன்று யார் அகப்பட்டார்களோ அவர்கள் துணை.

அவர் மாடம்பாக்கத்துக்காரர். பதினோரு வருடமாக எங்களிடம் மஸ்டர் ரோலில் தினக்கூலி. விவசாயக் குடும்பம், நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. நான் கட்டிய வீடே அவருடைய பெரியப்பா விற்ற நிலத்தில்தான் நிற்கிறது. கிணறு எங்கே இருந்தது என்று ஒரு தடவை என் வீட்டு வரவேற்பறையில் சோபாவை நகர்த்தச் சொல்லிக் காட்டினார். அப்போதெல்லாம் நான் அவரை நீ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார். எழுதும்போது அவர் என்று வருகிறது, காலதாமதமான திருத்தம்.

சாலைகள் திறந்த மறுவாரம் இயக்குநருக்கு ஞானோதயம் வந்தது. ஒரு பவர் ரம்பம் வாங்கவேண்டும். பெட்ரோலில் ஓடுவது, கையில் பிடித்து அறுப்பது. அதோடு, அதை இயக்க ஒரு நிரந்தரப் பணியிடம். எட்டு மாதம் கழித்து டில்லியிலிருந்து அனுமதி வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, அந்த இடம் ஏற்கனவே தினக்கூலியில் உள்ளவருக்கே தரப்பட வேண்டும். இரண்டு, மார்ச் முடிவதற்குள் இயந்திரம் சோதனையில் தேறி ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்துக்கான அனுமதியும் போகும், பணியிடமும் போகும்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அரசு வேலைக்கான வயது வரம்பைத் தளர்த்தி ஒரே ஒரு முறை என்று வந்த உத்தரவு. இன்னொன்று வராது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

டெண்டருக்கான விவரக்குறிப்பை எழுதியவன் நான். என்ஜின் இத்தனை சக்தி, சங்கிலி ஓடும் பட்டை இத்தனை அங்குலம் என்று எழுதி, சோதனை முறை என்ற பத்திக்கு வந்தபோது, ஒரு வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து, ஒன்றரை அடி விட்டமுள்ள கட்டையை நாற்பது விநாடிக்குள் அறுக்கவேண்டும் என்று எடுத்துப் போட்டேன். எந்தக் கட்டை என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்களே என்ற முன்யோசனையில், "புளி அல்லது அதற்கு இணையான கடின மரம்" என்று நானாகச் சேர்த்தேன். கையேட்டின் அடியில் கடுகளவு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: அவர்கள் அறுத்தது பைன் மரம். பைன் மரத்தைக் கத்தரிக்காய் என்றே சொல்லலாம். அந்தக் குறிப்பை நான் படித்தது, டெண்டர் திறந்து, ஆர்டர் போட்டு, இயந்திரம் பெட்டியில் வந்து இறங்கிய பிறகு.

டெண்டர் திறந்தபின் விவரக்குறிப்பைத் திருத்த முடியாது. திருத்தினால் புது டெண்டர். புது டெண்டர் என்றால் ஜூன். நாங்கள் இருந்தது ஜனவரியில்.

நான் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார்.

"நாப்பது செகண்டுல புளியங்கட்டையா? வெண்ணெய்னு நெனச்சி எய்திட்டியா சார்?"

"எழுதியாச்சு. இப்ப என்ன பண்ணலாம் சொல்லு."

"ஓட்டிப் பாத்தாத்தான தெரியும். ஒரு தபா பாத்துருவோம். இங்க வேணாம். உங்க வூட்டாண்ட."

அரசுப் பொருளை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் "பழுது பார்க்க" என்று எழுதினேன். பெட்டியே பிரிக்காத இயந்திரத்துக்கு. காவலாளி படித்துப் பார்த்து சல்யூட் அடித்தார். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருந்த விறகுத் தொட்டியிலிருந்து ஒன்றரை அடி கனத்தில் காய்ந்த புளியங்கட்டை ஒன்றை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தோம். சனிக்கிழமை மதியம். என் மனைவி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையேட்டில் சொன்னபடி பெட்ரோலில் ஆயில் கலந்து, சொன்னபடி கயிற்றை இழுத்துக் கிளப்பினோம். அறுத்து முடிக்க ஒரு நிமிடம் பதினெட்டு விநாடி ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார்.

"சார், வீட்டுல பஸ் ஏதாவது ஓட்றீங்களா?"

"ஆபீஸ் வேலை" என்றேன்.

"ஆபீஸ்ல இவ்ளோ வேலை நடக்குமா" என்று சொல்லிவிட்டுத் தலை இறங்கியது.

அவர் என்ஜினை நிறுத்தி, சங்கிலியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். ரம்பச் சங்கிலியில் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு திட்டு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அந்தத் திட்டுதான் அனுமதிக்கும். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு மாதிரி. அனுமதி மிகக் குறைவாக இருந்தது.

"இன்னா சார் இது, பல்லு வெச்சிக்கினு கடிக்க மாட்டேங்குது. பயந்து பயந்து நக்குது."

உருட்டு அரத்தால் எல்லாப் பற்களையும் ஒரே சாய்வில் தீட்டினார். பிறகு தட்டை அரத்தால் திட்டுகளை, தீப்பெட்டி அட்டையின் கனத்துக்கும் குறைவாக, கீழிறக்கினார். அளவு பார்க்கும் தகடு பெட்டியிலேயே இருந்தது. அதை நான் நீட்டினேன். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கட்டையில் வைத்தோம். ஐம்பத்தெட்டு விநாடி.

"இன்னும் பதினெட்டு" என்றேன்.

"மூச்சு விடல சார் அது. மூக்கப் பொத்திக்கினு ஓடச் சொன்னா எப்டி ஓடும்?"

சைலன்சரைக் கழற்றினோம். உள்ளே ஒரு தகடு, அதில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை, அதற்கு மேல் ஒரு வலை. சத்தம் குறையவும் நெருப்புப் பொறி வெளியேறாமலிருக்கவும் செய்த ஏற்பாடு. என்ஜின் விட்ட புகையை அதுவே திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை, சந்திப்பில் இருந்த ஸ்கூட்டர் பட்டறைக்கு எடுத்துப்போய் உள்தகட்டை வெட்டி எடுத்தோம். வெளிமூடிக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில் மூன்று துளைகள் போட்டோம். திரும்ப மாட்டியபோது பார்வைக்குக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. அரசுச் சொத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்தால் எந்த விதியின் எந்த உட்பிரிவு பாயும் என்பது எனக்கு மனப்பாடம். திருகாணியை முடுக்கிக்கொண்டே அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கிளப்பினோம். சத்தம் வேறாக இருந்தது. கூர்மையாக, மெல்லிசாக, ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு உற்சாகமாக இருந்தது. அவர் உடனே அணைத்துவிட்டார்.

"ஏம்பா, நல்லாத்தானே போச்சு?"

"நல்லால்ல சார். அய்வுது."

ஏன் அழுகிறது என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். காப்பி நிறத்தில் இருக்கவேண்டியது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டோம், காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது என்பதால் உள்ளே உயவும் குறையும். கொஞ்ச நேரம் இப்படி ஓடினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் டிப்ளமோவில் படித்திருந்தேன். அவர், பெரியப்பா கிணற்றில் ஓடிய என்ஜினில் கேட்டிருந்தார்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகுகள். வேகமாக ஓடும்போது பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது அதில் ஒன்று. கையேட்டில் சொன்ன அளவு, முழுக்க மூடி ஒரு சுற்று திறப்பது. அவர் காதை வைத்துக்கொண்டு அதை இன்னும் ஒரு கால் சுற்றுக்குமேல் திறந்தார். சத்தம் தடித்தது. முழு வேகத்திலும் லேசாகத் தடுமாறியது, தொண்டையில் சளி கட்டினவன் பேசுவதுபோல்.

"சும்மா சுத்தறப்ப இப்டித்தான் திக்கணும். கட்டையில வெச்சா நேரா பாடணும். அப்பதான் கணக்கு" என்றார்.

கட்டையில் வைத்தார். திக்கல் நின்று ஒரே சுருதியில் பாடியது. மரம் தூளாக அல்ல, சீவலாக வந்து விழுந்தது. முப்பத்தேழு விநாடி. அவர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

"மூணு செகண்டு மிச்சம் சார். கவுர்மெண்டுக்கே திருப்பிக் குடுத்துரு."

பிப்ரவரியில் மூன்று பேர் கொண்ட குழு முன்னால் சோதனை நடந்தது. உறுப்பினர் செயலர் நான். ஸ்டாப் வாட்ச் நிர்வாக அதிகாரியிடம். முப்பத்தெட்டு. "புளியங்கட்டைய இப்படியா" என்று அந்த அதிகாரி வியந்து எனக்குக் கை கொடுத்தார், என் விவரக்குறிப்பைப் பாராட்டி. ஏப்ரல் முதல் தேதி, பவர் ரம்ப இயக்குபவர், ஒரு வருடம் தகுதிகாண் பருவம் என்று அவருக்கு உத்தரவு வந்தது. அந்த ஒரு வருடத்தில் கவனக்குறைவு என்று ஒரு குறிப்பு விழுந்தால் போதும், காரணம் கேட்காமல் அனுப்பிவிடலாம். அதையும் படித்துக் காட்டினேன். காக்கிச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நின்று கேட்டார்.

அங்கே கதை முடிந்திருக்கலாம்.

ஆகஸ்டில் இலவச சர்வீஸ் வந்தது. ரம்பத்தை விற்ற நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். சுத்தமான மனிதர். சைலன்சரைத் திறக்கவில்லை, அவருடைய பட்டியலில் அது இல்லை. காற்று வடிகட்டியைத் தட்டினார், பிளக்கைத் துடைத்தார், பிறகு சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்து அந்தத் திருகை முழுக்க மூடி, கையேட்டின்படி சரியாக ஒரு சுற்று திறந்தார். அதன் தலையில் ஒரு சொட்டு சிவப்பு அரக்கை உருக்கி விட்டார்.

"இத யாரும் தொடக்கூடாது சார். சீல் உடைஞ்சிருந்தா வாரன்டி கிடையாது."

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் சைலன்சர் வரும், சைலன்சருக்குப் பின்னால் சோதனை வரும், சோதனைக்குப் பின்னால் பணியிடம் வரும். புது சைலன்சர் வாங்கி மாட்டிவிடலாமா என்று ஏற்கனவே யோசித்திருந்தேன். அதற்குப் பழையது பழுதானதாகச் சான்று வேண்டும். அது பழுதாகவில்லை, மேம்பட்டிருந்தது. மேம்பட்டதற்கு எங்களிடம் படிவம் கிடையாது. ஆகவே அட்டையில் "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டை கட்டியவர் போனதும் அவர் ரம்பத்தைக் கிளப்பி, பத்து விநாடி கேட்டு, அணைத்தார்.

"சார், திரும்ப அய்வுது. ஒரு கால் திருப்பு திருப்பிடட்டா?"

"சீல் கீல் எல்லாம் வச்சிருக்கான் பாத்தியா. ஜனவரி வரைக்கும் வாரன்டி. தொடாத."

"அரக்கு தான சார். நான் நைசா எடுத்துட்டு—"

"வேணாம். சின்னக் கிளை, விழுந்த கட்டை, அந்த மாதிரி வேலைக்கு மட்டும் எடு. பெரிய மரத்துக்குக் கோடாலி."

வாய்மொழி உத்தரவு. என் பணிக்காலத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரே உத்தரவு அதுவாகத்தான் இருக்கும்.

நவம்பரில் மூன்று நாள் மழையில், கேன்டீனுக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரம் வேர் பெயர்ந்து கூரைமேல் சாய ஆரம்பித்தது. இயக்குநரே குடையோடு வந்து நின்றார். புது இயந்திரத்தை எடுக்கச் சொன்னார். மாடம்பாக்கத்துக்காரர் ரம்பத்தை எடுத்து வந்து என் எதிரே நின்றார்.

"சார், பெரிய கட்டை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இயக்குநர் என் பக்கத்தில் இருந்தார். "அதுக்குத்தானேப்பா மிஷின் வாங்கினோம்" என்றார்.

நான் "பாத்து பண்ணு" என்றேன்.

அடிமரம் மூன்றடிக்குமேல். கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுக்க எட்டுப் பேர். அவர் அறுக்கத் தொடங்கியதும் எல்லோரும் சீவல் பறப்பதைப் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து மாதத்துக்கு முன் எனக்கு உற்சாகமாகக் கேட்ட அதே சத்தம். மெல்லிசாக, ஏறிக்கொண்டே. அவர் இரண்டு தடவை நிறுத்தி ஆற விட்டார். நிறுத்தும்போதெல்லாம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் நிறுத்தவில்லை. சுவிட்சைத் தட்டியதுபோல் அது தானே நின்றது. மரம் முக்கால் பங்கு அறுபட்டு, கூரைக்கு மேலே, அவருக்கும் மேலே, முனகிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்கவேண்டும். அவர் ஓடவில்லை. "கோடாலி" என்று கையை நீட்டினார். யாரோ கொடுத்தார்கள். மழையில் நின்று மிச்சத்தை வெட்டினார். மரம் எதிர்ப்பக்கம் விழுந்தது. ஒருவருக்கும் அடி இல்லை. ரம்பத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரியாக என்னை நியமித்தார்கள். விதிகளெல்லாம் தெரிந்தவர் என்று நிர்வாக அதிகாரி பரிந்துரைத்தாராம்.

இந்த வகை என்ஜின் இறுகினால் எல்லோரும் எழுதும் முடிவு ஒன்றுதான்: இயக்குபவர் பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டினார். நிறுவனம் அதைத்தான் எதிர்பார்த்தது. எழுதினால் கோப்பு முடியும், அவர் வேலையும் முடியும். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. உண்மையை எழுதினால் எனக்குத் தண்டனை, அது போகட்டும். ஆனால் சோதனையில் தேறியது மாற்றப்பட்ட இயந்திரம் என்று ஆகும். சோதனை செல்லாது. சோதனை செல்லாவிட்டால் பணியிடமே செல்லாது. பொய் எழுதினாலும் அவர் போவார், நிஜத்தை எழுதினாலும் அவர் போவார். இரண்டு வரைவுகளையும் எழுதி மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். நடை இரண்டிலும் நன்றாக இருந்தது.

மூன்றாவது வழி, எழுதாமல் இருப்பது. ஆனால் அரசாங்கத்தில் எழுதாமல் இருப்பதற்கும் எழுதவேண்டும். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டேன்: என்ஜினைப் பிரித்துப் பார்த்த அறிக்கை கிடைத்தால்தான் விசாரணையை முடிக்க முடியும், ஆனால் விசாரணை முடியும்வரை இயந்திரம் சாட்சிப்பொருள், வெளியே அனுப்ப இயலாது. அவர்கள் பதில் எழுதினார்கள்: விசாரணை முடிவு தெரிந்தால்தான் ஆள் அனுப்பிப் பிரிக்க முடியும். இந்த இரண்டு கடிதங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு வேறு எண்களோடு போய் வந்தன. ரம்பத்தை ஸ்டோர்ஸ் கொட்டகையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, கதவுகள் சேரும் இடத்தில் என் கையெழுத்திட்ட காகிதத்தை ஒட்டினேன். மார்ச் முடிந்தது. அவர்மேல் பாதகமான குறிப்பு எதுவும் இல்லை. பணி நிரந்தரம் ஆனது.

அவர் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மிஷின எப்ப சார் ரெடி பண்றது?"

"பண்ண முடியாது."

"ஒரு பிஸ்டன் போட்டா ஓடும் சார்."

"ஓடினா விசாரணை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் மென்றார். "அப்ப நான் இன்னா பண்றது?"

அதற்கு விடை எனக்கும் அன்று தெரியாது. பிறகு தெரிந்தது. அவருடைய பணி விவரத்தில் "பவர் ரம்பத்தை இயக்குதல், பராமரித்தல்" என்று மட்டும் இருந்தது. அதையும் எழுதியவன் நான். கோடாலியை எடுத்தால், இயக்குபவர் கோடாலி பிடிப்பது எந்த விதியில் என்று யாராவது கேட்பார்கள். கேள்வி ரம்பத்துக்குப் போகும். மரம் வெட்டும் வேலை ஓர் ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. மாடம்பாக்கத்துக்காரர் காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்திட்டு, கொட்டகைக்குள் அலமாரியை ஒட்டி ஒரு முக்காலியில் மாலை ஐந்துவரை உட்கார்ந்தார். வெளியே யாரோ மரம் அறுக்கிற சத்தம் கேட்கும்போது மட்டும் தலை நிமிரும். "பல்லு மழுங்கிப்போச்சு, பாவி இஸ்துகினே கெடக்கான்" என்பார், ஆளைப் பார்க்காமலே.

"ஜெயில்ல கூட வேல குடுப்பாங்க சார்" என்றார் இரண்டாம் வருடம் ஒரு நாள்.

"ஜெயில்ல பென்ஷன் கிடையாது" என்றேன்.

"அதுவும் சர்தான். ஆனா அங்க வார்டனாச்சும் டூட்டி மாறிப் போவான். நீ கூடவே உக்காந்துகினு கீற."

அது உண்மை. எனக்கு மதுரைக்குப் பதவி உயர்வு வந்தது. போகவேண்டுமென்றால் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்தால் வருகிறவர் ஒவ்வொரு பொருளாகச் சரிபார்ப்பார், விசாரணைக் கோப்பைத் திறப்பார், சுறுசுறுப்பானவராக இருந்தால் நிறுவனத்து ஆளை அழைத்து என்ஜினைப் பிரிப்பார். சைலன்சர் கையில் வரும். மகள் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள் என்று எழுதிப் பதவி உயர்வை மறுத்தேன். இரண்டாவது முறை வந்தபோது அவள் படிப்பு முடிந்து கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவியின் மூட்டு வலி என்று எழுதினேன்.

"என் மூட்டுக்கு மதுரையில என்ன குறைச்சல்?" என்று கேட்டாள் அவள். மறுப்புக் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். என்னைவிடச் சின்னவர்கள் எனக்கு மேலதிகாரிகளாக வந்து, என் கோப்புகளின் ஒழுங்கைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மொத்தம் ஏழு வருடம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. ஓய்வை மறுக்கப் படிவம் இல்லை. பொறுப்பேற்க வந்தவர் நான் பயந்த மாதிரியே சுறுசுறுப்பானவர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் அடித்தார். கொட்டகைக்கு வந்தோம். அவர் முக்காலியை விட்டு எழுந்து வாசலில் நின்றுகொண்டார். என் காகித முத்திரையை நானே கிழித்தேன். பூட்டைத் திறந்தேன். ரம்பம் அதே இடத்தில் இருந்தது. திருகின் தலையில் சிவப்பு அரக்கு அப்படியே இருந்தது.

"என்ஜின் இறுகிய நிலையில்னு போட்டிருக்கீங்களே சார். ஒரு தடவ காட்டிடுங்க, எழுதிக்கறேன்."

ஏழு வருடத்துக்கு முன் அசையாத கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

வந்தது. வழவழவென்று, நல்ல அழுத்தத்தோடு, ஒரு முழம் வந்தது. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குவது என் மணிக்கட்டில் தெரிந்தது. கயிறு திரும்பி உள்ளே போக, கையை விடாமல் மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வந்தவர் குனிந்து பட்டியலில் வரிசை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜாம் தானே?" என்றார் நிமிராமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆமா சார். ஜாம்."

வந்தவர் டிக் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பதில் புதுக் கையெழுத்தோடு புதுக் காகிதம் ஒட்டப்பட்டது. மாலையில் மாலை போட்டார்கள், நான்கு பேர் பேசினார்கள், என் நேர்மைக்கு எடுத்துக்காட்டாக ஒருவர், ஒரு விசாரணையை அவசரப்பட்டு முடிக்காத நிதானத்தைச் சொன்னார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. அவர் ஏற்கனவே இரண்டு டீ சொல்லியிருந்தார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் வர்சம். நீ மதுர வேணாம்னு எய்திக் குடுத்தியே, அதுக்கு ஒரு மாசம் முன்ன."

"அலமாரி பூட்டியிருந்தது. சீல் கிழியல."

"சீல் முன்னாடி கீது சார். கீல் பின்னாடி கீது. ஆணிய ரெண்டு தட்டு தட்டுனா கதவு கையோட வந்துரும்." டீயை ஊதினார். "பிஸ்டன் புதுப்பேட்டையில பழைய சாமான் கடைகடையா அலைஞ்சு எடுத்தேன். சிலிண்டர்ல ஒட்டிக்கினு இருந்தத நம்ம ஸ்கூட்டர் பட்டறக்காரன் சொரண்டிக் குடுத்தான். அரக்கு போஸ்டாபீஸ்ல கேட்டா குடுக்கறான்."

"ஓட்டினியா?"

"பொங்கலுக்குப் பொங்கல். ஆபீஸ் லீவு, காம்பவுண்டே காலியா இருக்கும். ஒரே ஒரு கட்ட. புளி தான். அப்பறம் தொடச்சி வெச்சிருவேன்."

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டேன். "எத்தன?"

"முப்பத்தி மூணு."

நான் மறுத்த இரண்டு பதவி உயர்வுகளும், மனைவியின் மூட்டும், எழுபது பக்கத்துக்குமேல் வளர்ந்த கோப்பும் ஒரு நல்ல ரம்பத்தைக் காவல் காத்திருக்கின்றன. கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன்பா எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விதி எண் தெரியாத புது குமாஸ்தாவுக்கு நான் விளக்குவேனே, அந்தப் பொறுமை இருந்தது.

"சொன்னா நீ அத எய்திருவியே சார்."

எழுதியிருப்பேன். ஏதாவது ஒரு பதிவேட்டில், ஏதாவது ஒரு மூலையில், நல்ல நடையில்.

என் பஸ் வந்தது. மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாலைக் கையெழுத்துப் போட அவர் சாலையைக் கடந்து திரும்ப உள்ளே போனார். அவருக்கு இன்னும் ஒன்பது வருடச் சர்வீஸ் பாக்கி இருந்தது.